மொழிக்காக மட்டும் ஐரோப்பிய மொழித் துறையில் சேரலாமா?

வேனில் (கேள்வி):

வணக்கம். வரும் கல்வியாண்டில் இளங்கலைப் படிப்பாக நவீன ஐரோப்பிய மொழிகளை எடுக்க எண்ணியிருக்கிறேன். பிரெஞ்சு மொழியை மூன்று ஆண்டுகளாகக் கற்று வருகிறேன். ஏ1 முதல் சி2 வரையுள்ள ஐரோப்பிய மொழித்திறன் படிகளில் பி1 தேர்வில் தேறிவிட்டேன், பி2 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் பார்த்த படிப்புகளில் பலவும் இரண்டு மொழிகளைச் சேர்த்துப் படிக்கும்படி அமைந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றை முன்னறிவு ஏதுமின்றி அரிச்சுவடியிலிருந்தே தொடங்கலாம் என்றும் சொல்கிறார்கள். அந்த இரண்டாவது மொழியாக ஜெர்மனை எடுப்பதா, ரஷ்யனை எடுப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

என்னைப் பெரிதும் குழப்புவது வேறொன்று. பாடத்திட்டத்தைப் பார்த்தால் மொழிப் பயிற்சிக்கென்று வாரத்துக்குச் சில மணி நேரமே ஒதுக்கியிருக்கிறார்கள். மீதமெல்லாம் 17-ஆம் நூற்றாண்டு நாடகம், 19-ஆம் நூற்றாண்டு நாவல், இடைக்காலக் கவிதை, மொழி வரலாறு என்றே போகிறது. எனக்கு நாவல் வாசிப்பதில் வெறுப்பில்லை. ரஷ்ய நாவல்கள் சிலவற்றைத் தமிழில் விரும்பிப் படித்திருக்கிறேன். ஆனால் மொழியைத் தடையின்றிப் பேசவும் எழுதவும் பழகி, பிறகு மொழிபெயர்ப்பாளராகவோ, மாநாடுகளில் உடனுக்குடன் மொழிபெயர்த்துப் பேசுபவராகவோ ஆவதே என் விருப்பம். அப்படிப்பட்ட ஒருவர் முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய நாடகங்களோடு தம் இளங்கலைக் காலத்தைச் செலவிடுவது முறையா? அல்லது மொழிப் பயிற்சி நிலையம் ஒன்றில் சி1 வரை படித்துக்கொண்டு, பட்டத்தை வேறு பாடத்தில் பெறுவது மேலா? இத்துறைகளில் படித்தவர்களும் கற்பிப்பவர்களும் தங்கள் கருத்தைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஏட்டுச்சுவடி:

நண்பரே, தங்கள் கேள்வியில் இருவேறு படிப்புகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. பிரித்துப் பார்த்தால் குழப்பம் பாதி தீரும். பிரான்ஸில் இந்த வேறுபாடு பெயரிலேயே தெரிந்துவிடும். அங்கே எல்.எல்.சி.இ.ஆர். எனப்படும் பிரிவு, ஓர் அயல்மொழியை அதன் இலக்கியத்தோடும் வரலாற்றோடும் பண்பாட்டோடும் சேர்த்து ஆழமாகப் படிப்பதற்கானது. எல்.இ.ஏ. எனப்படும் பிரிவோ, இரண்டு மொழிகளைச் சமமாக எடுத்துக்கொண்டு, அவற்றோடு பொருளியல், சட்டம், வணிகம் ஆகியவற்றைச் சேர்த்துப் பயில்வதற்கானது. ஜெர்மன் மொழி வழங்கும் நாடுகளில் ரோமானிஸ்டிக் (பிரெஞ்சு, இத்தாலியம் போன்ற லத்தீன் வழி வந்த ரோமானிய மொழிகள்), ஸ்லாவிஸ்டிக் (ரஷ்யன் போன்ற ஸ்லாவிய மொழிகள்) என்று மொழிக் குடும்பத்தின் பெயரால் துறைகள் இருக்கும். பான் நகரில் ஃப்ரீட்ரிஷ் டீஸ் 1836-இல் வெளியிடத் தொடங்கிய ரோமானிய மொழிகளின் ஒப்பிலக்கணத்திலிருந்து வளர்ந்த மரபு அது என்பதால், மொழியியலுக்கும் இலக்கியத்துக்கும் அங்கே ஏறத்தாழ ஒரே இடம் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் இப்படிப்பு நான்கு ஆண்டு. மூன்றாம் ஆண்டை அம்மொழி வழங்கும் நாட்டில் கழிக்க வேண்டும். இலக்கியத்தின் பங்கு பெரிது. எனவே ‘ஐரோப்பிய மொழிகள்’ என்ற பெயரை மட்டும் பார்த்துவிட்டு விண்ணப்பித்தால், ஒன்றை எதிர்பார்த்துப் போய் இன்னொன்றில் அமர்ந்திருக்க நேரும்.

நான் பிரெஞ்சும் இத்தாலியமும் படித்தவன். இலக்கியம் எதற்கு என்று முதல் பருவம் முழுவதும் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அந்த முணுமுணுப்பு நின்றது காம்யுவின் ‘அந்நியன்’ நாவலைப் படித்தபோது. பிரெஞ்சில் கதை சொல்வதற்கென்றே ‘பஸே சேம்ப்ல்’ என்றோர் இறந்தகால வடிவம் இருக்கிறது. அன்றாடப் பேச்சில் அதைப் பயன்படுத்துவதில்லை, அங்கே வழங்குவது ‘பஸே கொம்போஸே’. தாங்கள் பி1 வகுப்பில் இரண்டையும் அட்டவணையாக மனப்பாடம் செய்திருப்பீர்கள். 1942-இல் வந்த அந்த நாவல், கதை முழுவதையும் பெரும்பாலும் பேச்சு வடிவத்திலேயே சொல்கிறது. அதனால் ஒரு செயலிலிருந்து அடுத்த செயல் பிறக்கிறது என்ற உணர்வு நமக்குக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு வாக்கியமும் தனித்தீவு போல நிற்கிறது என்று மறு ஆண்டே மெய்யியலாளர் சார்த்ர் எழுதினார். பயிற்சி நிலையத்தில் இந்தக் கால வடிவத்தை எப்படி அமைப்பது என்று கற்றுத் தருவார்கள். அதைத் தேர்ந்தால் என்ன ஆகும், தேராவிட்டால் என்ன ஆகும் என்பதை இப்படி ஒரு நூலை வரிவரியாகப் பிரித்துப் படிக்கும்போதுதான் நான் அறிந்தேன்.

இன்னொரு சான்றையும் சொல்லிவிடுகிறேன். ‘மதாம் பொவாரி’ நாவலுக்காக ஃப்ளோபேர் 1857-இல் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருந்தது, கடைசியில் விடுவிக்கப்பட்டார். நாவலின் தலைவி எம்மா தன் கள்ளக் காதலை எண்ணிப் பூரிக்கும் பகுதியை அரசுத் தரப்பு ஒழுக்கக்கேட்டின் புகழ்ச்சியாகக் காட்டியது. அந்த வரிகள் ஆசிரியரின் கூற்றா, எம்மாவின் மனவோட்டமா என்பதே அவ்வழக்கின் உள்முடிச்சு என்று பிற்கால ஆய்வாளர்கள் சிலர் விளக்கினார்கள். ஏனெனில் ஃப்ளோபேர் ‘அவள் எண்ணினாள்’ என்று எழுதாமலேயே அவள் எண்ணத்தைப் படர்க்கையில், இறந்தகாலத்தில் ஓடவிடுகிறார். தமிழில் ‘என்று’ என்னும் சொல் செய்யும் வேலையை அங்கே எந்தச் சொல்லும் செய்வதில்லை. மொழிபெயர்ப்பாளராக விரும்பும் ஒருவருக்கு இதைவிடப் பயனுள்ள பாடத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நிறைமொழி:

ஏட்டுச்சுவடி அவர்கள் முதல் கேள்விக்கு விடை சொல்லிவிட்டதால், ஜெர்மனா ரஷ்யனா என்பதை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். இணையத்தில் இதற்கு எல்லோரும் காட்டுவது, அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் தரும் கணக்கு: பிரெஞ்சு போன்ற மொழிகளுக்கு 600 முதல் 750 மணி நேரம், ரஷ்யனுக்கு 44 வாரங்களில் சுமார் 1,100 மணி நேரம். அந்தக் கணக்கு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்காகப் போடப்பட்டது. தமிழில் சிந்திப்பவருக்குக் கடினமும் எளிமையும் வேறு இடங்களில் இருக்கின்றன. இதைப் பாடநூல்கள் சொல்வதே இல்லை.

ஜெர்மன் துணைவாக்கியத்தில் வினை கடைசிக்குப் போய்விடுகிறது என்று ஆங்கிலேயர்கள் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். ‘வைல் இஷ் டாஸ் பூஹ் கெலேசன் ஹாப’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பாருங்கள்: நான், அந்தப் புத்தகத்தை, படித்து, இருப்பதால். ‘ஆல்’ என்னும் காரணப் பொருள் மட்டும் ‘வைல்’ என்ற சொல்லாக முன்னால் போய் நிற்கிறது. மற்றவை நம் வரிசையில்தான் வருகின்றன. ‘டெர் கெஸ்டர்ன் அன்கெகொமன ப்ரீஃப்’ என்ற தொடர், ‘நேற்று வந்த கடிதம்’ என்னும் நம் பெயரெச்சத் தொடரேதான். ஜெர்மன் செய்தித்தாள்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் இந்த அமைப்பு மூன்று வரி நீளத்துக்குப் போகும். உடன் படித்தவர்கள் திணறிய அவ்விடங்களில் நான் மூச்சுத் திணறாமல் கடந்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த சில வெற்றிகளில் அதுவும் ஒன்று என்பதால் சொல்லிக்கொள்கிறேன்.

ரஷ்யனிலும் இப்படிப்பட்ட வீட்டுவாசல்கள் உண்டு. ‘அவன் மாணவன்’ என்பதில் ‘இருக்கிறான்’ தேவையில்லாதது போலவே ரஷ்யனிலும் நிகழ்காலத்தில் அச்சொல் வருவதில்லை. ‘என்னிடம் புத்தகம் இருக்கிறது’ என்பதுதான் அவர்கள் வழக்கும். ‘நான் புத்தகத்தை உடையவன்’ என்று வளைக்க வேண்டியதில்லை. ‘எனக்குக் குளிர்கிறது’ என்று நான்காம் வேற்றுமையில் தொடங்குவது ரஷ்யனிலும் ஜெர்மனிலும் இயல்பு. ஆங்கிலத்தின் ‘தி’, ஜெர்மனின் ‘டெர்’ போலப் பெயருக்கு முன்னால் ஒட்டும் சொற்களும் ரஷ்யனில் கிடையாது. எல்லோரையும் அச்சுறுத்தும் வினைக்கூறு (செயல் முடிந்ததா இல்லையா என்று வினை காட்டும் வேறுபாடு) என்பதற்குக்கூட நம்மிடம் ஓர் உறவு இருக்கிறது: ‘படித்தான்’ என்பதற்கும் ‘படித்துவிட்டான்’ என்பதற்கும் இடையே நாம் உணரும் வேறுபாடு, ‘ச்சிதால்’ என்பதற்கும் ‘ப்ரச்சிதால்’ என்பதற்கும் இடையே உள்ளதற்கு அருகில் வரும். இரண்டும் ஒன்றே என்று எண்ணிவிடக் கூடாது; எதிர்மறையிலும் ஏவலிலும் ரஷ்யன் வேறு வழியில் போகும். ஆனாலும் முழு இருட்டில் தொடங்குவதற்கும் ஒரு விளக்கோடு தொடங்குவதற்கும் வேறுபாடு உண்டல்லவா?

அடி வாங்கும் இடம் பால். நமக்குப் பால் பொருளைப் பொறுத்தது. பகுத்தறிவு உடையது உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை. ஜெர்மனில் கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி அலிப்பால். சிறுமியைக் குறிக்கும் ‘மேட்ஷன்’ என்ற சொல்லும் அலிப்பால்தான். இதில் காரணம் தேடிக் காலத்தை வீணாக்காமல், ஒவ்வொரு சொல்லையும் அதன் முன்னால் வரும் ‘டெர்’, ‘டி’, ‘டாஸ்’ என்ற சொல்லோடு சேர்த்தே மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ரஷ்யனில் பெரும்பாலும் சொல்லின் ஈற்றைப் பார்த்தே பாலைச் சொல்லிவிடலாம். ஆனால் அங்கே வேற்றுமை ஆறு, அசையழுத்தம் எந்த அசையில் விழும் என்பதும் எழுத்தைப் பார்த்துத் தெரியாது. எழுத்து வடிவத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், 33 எழுத்துகளுக்கு ஒரு வாரம் போதும்.

அரிச்சுவடியிலிருந்து தொடங்குபவர்களுக்குப் பெரும்பாலான துறைகள் முதல் ஆண்டை மிக வேகமாகவே நடத்துகின்றன. ஏ1-இல் தொடங்கி ஓராண்டில் பி1 அளவை எட்ட வைப்பார்கள், அடுத்த ஆண்டே இலக்கிய நூல்களைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்த ஓராண்டில் இரண்டாவது மொழி தங்கள் நேரம் முழுவதையும் விழுங்கிவிடும், பிரெஞ்சு சிறிது துருப்பிடிக்கும். அதற்கு மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

நேர்கோடு:

மேலே எழுதிய இருவரும் மொழியின் அழகைக் காட்டினார்கள். வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் தொழில்முறை மொழிபெயர்ப்பாளன் என்பதால், கொஞ்சம் கசப்பாக இருந்தாலும் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இலக்கியத் துறையின் இளங்கலைப் பட்டம் யாரையும் மாநாட்டு மொழிபெயர்ப்பாளர் ஆக்குவதில்லை. அது தனித் தொழில். அதற்கு முதுகலைப் பயிற்சி தனியாக உண்டு. 1941-இல் தொடங்கிய ஜெனீவாப் பல்கலைக்கழகத்தின் மொழிபெயர்ப்புப் பள்ளியும், 1957-இல் தொடங்கிய பாரிஸின் எஸிட் நிறுவனமும் அதற்குப் பெயர் பெற்றவை. நுழைவுத் தேர்வு கடுமையானது. அத்தொழிலில் ஒருவருடைய மொழிகளை ஏ, பி, சி என்று வகைப்படுத்துவார்கள் (தங்கள் பி1, பி2 படிகள் வேறு, இது வேறு): ஏ தாய்மொழி, பி தாய்மொழி அல்லாவிட்டாலும் அதில் பேசி மொழிபெயர்க்கும் தகுதி உள்ளது, சி கேட்டுப் புரிந்துகொள்ள மட்டும். பெரும்பாலும் தம் ஏ மொழிக்குள்தான் மொழிபெயர்ப்பார்கள். ஐக்கிய நாடுகள் அவையின் அலுவல் மொழிகள் ஆறு: அரபு, ஆங்கிலம், சீனம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானியம். தமிழ் அதில் இல்லை, ஜெர்மனும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 24 அலுவல் மொழிகள் இருந்தாலும், அதன் நிரந்தரப் பணிகளுக்கு உறுப்பு நாடு ஒன்றின் குடியுரிமை வேண்டும். ஆகவே அவ்வழியில் போக விரும்புபவர் பிரெஞ்சையோ ஆங்கிலத்தையோ ஏறத்தாழத் தாய்மொழி அளவுக்கு உயர்த்தியாக வேண்டும். வகுப்பறையில் மட்டும் அமர்ந்து அதைச் செய்து முடித்த எவரையும் நான் பார்த்ததில்லை. அந்த மொழி வழங்கும் இடத்தில் ஓராண்டாவது வாழ்வது கட்டாயம். வெளிநாட்டு ஆண்டு இல்லாத படிப்பாக இருந்தால், தங்கள் நோக்கத்துக்கு அது ஏற்றதல்ல.

எழுத்து மொழிபெயர்ப்பு வேறு கதை. எளிய வணிகக் கடிதங்களையும் பயனர் கையேடுகளையும் இன்று இயந்திரம் மொழிபெயர்க்கிறது. மனிதருக்கு அதைத் திருத்தும் வேலைதான் வருகிறது, அதற்குரிய ஊதியமும் குறைவு. மனிதர் இல்லாமல் முடியாத இடங்கள் சட்டம், மருத்துவம், காப்புரிமை, இலக்கியம் போன்றவை. இவற்றில் முதல் மூன்றுக்கும் மொழியைவிடப் பொருளறிவு முக்கியம். என்னைக் கேட்டால் பிரெஞ்சோடு சட்டத்தையோ பொருளியலையோ இணைத்துப் படிக்கும் கூட்டுப் பட்டத்தையே பரிந்துரைப்பேன். இலக்கியத்தின் மேல் எனக்குப் பகையில்லை. ஒப்பந்தம் ஒன்றில் ‘வேண்டும்’ என்பதற்கும் ‘கூடும்’ என்பதற்கும் இடையே ஊசலாடும் ஒரு வினைச்சொல்லைக் கண்டு நான் நின்று யோசிப்பது, கவிதை படித்துப் பழகிய பழக்கத்தால்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வேனில்:

மூவருக்கும் நன்றி. நேர்கோடு அவர்கள் சொன்னதைக் கேட்ட பிறகு, வெளிநாட்டு ஆண்டு இல்லாத இரண்டு படிப்புகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள். இலக்கியப் பகுதி அதிகமுள்ள துறையில் சேர்ந்தால், முதல் நாளிலிருந்தே மூலநூல்களைப் படிக்கும் வல்லமை எனக்கு இருக்க வேண்டுமா? தமிழ் மொழிபெயர்ப்புகளை முன்கூட்டியே படித்துவிட்டுப் போவது உதவுமா, அல்லது அது குறுக்குவழியா?

கரும்பலகை:

நான் இத்தகைய துறை ஒன்றில் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். சேரும் நாளில் மூலநூலைச் சரளமாகப் படிப்பவர் வகுப்பில் ஓரிருவர்தான் இருப்பார்கள். பி2 நிலையில் உள்ள ஒருவருக்கு முதல் நாவலின் முதல் இருபது பக்கங்கள் மலையேறுவதாகத்தான் இருக்கும். அதன் பிறகு அந்த ஆசிரியரின் சொல்வட்டம் பிடிபட்டுவிடும். சேர்வதற்கு முன் படிக்க விரும்பினால் மாப்பஸானின் சிறுகதைகள் போதும். நீண்டு வளையும் வாக்கியங்களை எழுதும் புரூஸ்ட்டை இப்போது தொட வேண்டாம். தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் அகராதியைத் திறக்காதீர்கள். ஒரே பக்கத்தில் இரண்டாம் முறை எதிர்ப்படும் சொல்லுக்கு மட்டும் திறங்கள்.

தமிழ் மொழிபெயர்ப்பைப் படிப்பதில் தவறே இல்லை. ஆனால் அது மூலத்திலிருந்து வந்ததா, ஆங்கிலத்தின் வழியாக வந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ‘அந்நியன்’ நாவலை வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்தும், காஃப்காவின் ‘விசாரணை’யை ஏ. வி. தனுஷ்கோடி ஜெர்மனிலிருந்தும் நேரடியாகவே தமிழாக்கினார்கள். ஆங்கிலத்தின் வழியாக வரும்போது முதலில் காணாமல் போவது ‘நீ’யும் ‘நீங்க’ளும். பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன் மூன்றிலும் இந்த இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன, தமிழிலும் இருக்கின்றன, நடுவில் வரும் இக்கால ஆங்கிலத்தில் மட்டும் இல்லை. ஸ்தாந்தால் 1830-இல் வெளியிட்ட ‘சிவப்பும் கறுப்பும்’ நாவலில், செல்வக் குடும்பத்துப் பெண்ணான மத்தில்த், தன் தந்தையிடம் செயலாளராக இருக்கும் ஜூலியனை முயன்று ‘நீ’ என்று அழைக்கிறாள். அந்த ‘நீ’யில் கனிவு இல்லாததால் அவனுக்கு அது இன்பம் தரவில்லை. தமிழ் வாசகருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் படிக்கும் மாணவருக்கோ நான் பத்து நிமிடம் விளக்க வேண்டியிருக்கிறது.

எதிர்த் திசையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை என் மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே கொடுப்பேன். ‘மதாம் பொவாரி’ நாவல் ‘நூ’ என்ற தன்மைப் பன்மையில், வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர்களின் குரலில் தொடங்குகிறது. தமிழில் அதை ‘நாங்கள்’ என்பதா, ‘நாம்’ என்பதா? ஒன்று வாசகரை வகுப்பறைக்கு வெளியே நிறுத்துகிறது, மற்றொன்று உள்ளே பெஞ்சில் உட்காரவைக்கிறது. பிரெஞ்சு இந்த முடிவை எடுப்பதே இல்லை. போதாக்குறைக்கு, அந்தக் குரல் முதல் அத்தியாயத்தோடு நாவலிலிருந்து மறைந்துவிடுகிறது. ‘நாங்கள்’ என்றே பெரும்பாலோர் எழுதுவார்கள், நானும் அப்படித்தான் எழுதுவேன். இருந்தாலும் ஏன் என்று கேட்டால் இரண்டு பக்கம் எழுத வேண்டியிருக்கும். இலக்கியப் பாடத்தில் தாங்கள் எழுதப்போகும் கட்டுரைகள் இப்படிப்பட்ட இரண்டு பக்கங்கள்தான்.

துறையைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பர ஏட்டைப் பார்க்காமல், இரண்டாம் ஆண்டின் நூற்பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். இலக்கியக் கட்டுரைகளை எந்த மொழியில் எழுத வேண்டும் என்றும் கேளுங்கள். சில துறைகளில் ஆங்கிலத்திலேயே எழுதலாம், சிலவற்றில் பிரெஞ்சில்தான் எழுத வேண்டும். தங்கள் நோக்கத்துக்குப் பின்னதே ஏற்றது. பட்டியலில் செனெகல், அல்ஜீரியா, மார்த்தினிக் எழுத்தாளர்கள் இருக்கிறார்களா என்று பார்ப்பதும் நல்லது. பாரிஸோடு நின்றுவிடும் பிரெஞ்சு, இன்று பேசப்படும் பிரெஞ்சில் ஒரு பகுதிதான். செனெகல் கவிஞர் செங்கோர் 1983-இலேயே பிரெஞ்சுக் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டார்.

நிறைமொழி:

ஒரு சிறு சேர்க்கை. வேனில் ரஷ்ய நாவல்களைத் தமிழில் படித்ததாகச் சொன்னதால் நினைவுக்கு வந்தது: தமிழில் ‘போரும் வாழ்வும்’ என்று நாம் அறிந்த தல்ஸ்தோயின் நாவலின் முதல் வாக்கியமே பிரெஞ்சில்தான் தொடங்குகிறது. பீட்டர்ஸ்பர்க் விருந்தில் பிரபுக்கள் தங்களுக்குள் பிரெஞ்சில் பேசிக்கொள்வதை அவர் அப்படியே எழுதினார். 1873-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவற்றையெல்லாம் ரஷ்யனாக்கினார்; பின்வந்த பதிப்புகளில் பிரெஞ்சு திரும்பிவிட்டது. தாங்கள் ரஷ்யனைத் தேர்ந்தெடுத்தால், கையில் இருக்கும் பிரெஞ்சை வைத்து அந்த முதல் பத்தியின் பெரும்பகுதியை இன்றைக்கே படித்துவிடலாம்.

வேனில்:

இப்போதுதான் தேடி எடுத்துப் படித்தேன். இரண்டு சொற்களுக்கு மட்டும் அகராதி தேவைப்பட்டது. பிரெஞ்சுக்கு நடுவே ரஷ்யன் வந்த இடத்தில் நின்றுவிட்டேன். அந்த 33 எழுத்துகளை நாளை தொடங்குகிறேன்.